டோட்டல் ஆன காருக்குக் குறைந்த தொகை: ஏற்பதா, எதிர்ப்பதா?

ஃப்ரீமாண்ட் குமரன்:

அனைவருக்கும் வணக்கம். 880 நெடுஞ்சாலையில் என் 2019 ஹோண்டா சிஆர்-வி-யைப் பின்னாலிருந்து ஒருவர் மோதினார். அந்த வேகத்தில் முன்னால் நின்ற லாரியிலும் இடித்து வண்டி இரண்டு பக்கமும் நசுங்கிவிட்டது. எங்களுக்குப் பெரிய காயம் இல்லை. மோதியவரிடம் இருந்தது கலிஃபோர்னியாவின் குறைந்தபட்ச பாலிசி. பிறர் சொத்துச் சேதத்துக்கு அதில் உச்சவரம்பு 15,000 டாலர்தான். எனவே என் சொந்த பாலிசியில், மோதலால் என் காருக்கு வரும் சேதத்தை ஈடுகட்டும் கொலிஷன் பிரிவில் கிளெய்ம் போட்டேன்.

கார் டோட்டல், அதாவது பழுது பார்ப்பது கட்டுப்படியாகாது என்று அறிவித்து 19,840 டாலர் தருவதாக மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் என் பங்காக நான் ஏற்க வேண்டிய 500 டாலர் டிடக்டிபிள் கழியும். எங்கள் ஊரைச் சுற்றி இதே ஆண்டு, ஏறத்தாழ இதே மைல் ஓடிய வண்டிகளை டீலர்கள் 22,000 டாலருக்குக் குறைந்து விற்கவில்லை. விற்பனை வரி பற்றிக் கேட்டேன். "வேறு கார் வாங்கிய ரசீதைக் கொடுங்கள், பிறகு பார்க்கலாம்" என்றார் என் கிளெய்மைக் கையாளும் அட்ஜஸ்டர். பாலிசியில் தரும் வாடகைக் காரும் இந்த வாரக் கடைசியோடு நிற்கும் என்கிறார்கள்.

எட்டு ஆண்டுகளாக ஒரு தவணை தவறாமல் பிரீமியம் கட்டியவனிடம் இப்படி நடந்துகொள்வது எனக்குக் கடும் கோபத்தை உண்டாக்குகிறது. இந்தத் தொகையை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

நெறியாளர்:

குமரன், கிளெய்ம் எண், நிறுவனத்தின் பெயர், அட்ஜஸ்டரின் பெயர் எதையும் இங்கே பதிய வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் தொடருங்கள்.

சான் ஹோசே மீனாட்சி:

குமரன், உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். வரி பற்றி அவர் சொன்னது கலிஃபோர்னியாவில் செல்லாது. மாநில நிர்வாக விதித் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 2695.8 என்ற பிரிவை எடுத்துப் படியுங்கள். சொந்த பாலிசியில் பணமாகத் தீர்க்கும்போது, அதே போன்ற காரை வாங்கினால் ஆகும் வரிகளையும் உரிமை மாற்றத்துக்கான கட்டணங்களையும் சேர்த்தே தர வேண்டும். உங்கள் பழைய காருக்குக் கட்டிய ஆண்டு லைசென்ஸ் கட்டணத்தில் மீதிக் காலத்துக்குரிய பங்கும் அதில் அடக்கம். காரை நீங்களே வைத்துக்கொண்டால் கணக்கு மாறும். அது உங்களுக்குப் பொருந்தாது.

உங்கள் கவுண்டியில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கும் மேல். 20,000 டாலர் காருக்கு அதுவே 2,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. கேட்காதவருக்கு இது போயே போய்விடும் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்தது மதிப்பீட்டு அறிக்கை. பல பக்கங்கள் கொண்ட ஒரு பிடிஎஃப் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் இன்றே எழுத்தில் கேளுங்கள். தொகை எப்படி வந்தது என்பதை வரி வரியாக விளக்கி, தொகையைச் சொல்லும்போதே எழுத்தில் தருவது அவர்கள் கடமை.

ஃப்ரீமாண்ட் குமரன்:

நன்றி மீனாட்சி அக்கா. அறிக்கை மின்னஞ்சலின் அடியில் ஓர் இணைப்பாக இருந்தது. ஒப்பீட்டுக்கு மூன்று கார்கள் காட்டியிருக்கிறார்கள். விளம்பர விலை 21,480, 21,995, 20,990 டாலர். ஒவ்வொன்றிலும் மைல் வித்தியாசத்துக்கு ஒரு கழிவு, பிறகு "கண்டிஷன்" என்ற பெயரில் 890 டாலர் கழிவு. மூன்று கார்களிலும் அதே 890. அந்த கார்களை யாராவது நேரில் பார்த்தார்களா?

பெரியசாமி (முன்னாள் அட்ஜஸ்டர்):

தம்பி, நான் ஓய்வு பெறும்வரை இந்தத் தொழிலில்தான் இருந்தேன். இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

அந்த அறிக்கையை உங்கள் அட்ஜஸ்டர் தயாரிக்கவில்லை. இந்த நாட்டில் சிசிசி, மிட்செல், ஆடாடெக்ஸ் என்று மூன்று பெரிய மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. பெரும்பாலான இன்சூரன்ஸ் நிறுவனங்கள் இவற்றில் ஒன்றின் அறிக்கையை வாங்குகின்றன. அட்ஜஸ்டர் காரின் விவரங்களை உள்ளே கொடுக்கிறார், எண் வெளியே வருகிறது. அவர் மேசையில் இதுபோல் ஏராளமான கோப்புகள் குவிந்திருக்கும். தவறான விவரம் உள்ளே போனால் தவறான எண்தான் வெளியே வரும். அதைத் திருத்திக் கேட்பவரிடம் சண்டை போட அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. ஆகவே கோபத்தை அவரிடம் காட்டாதீர்கள். தாளில் காட்டுங்கள்.

முதலில் அறிக்கையின் முதல் பக்கத்தைப் பாருங்கள். உங்கள் காரின் டிரிம், அதாவது ஒரே மாடலுக்குள் வசதிகளைப் பொறுத்த படி என்ன? சிஆர்-வி-யில் எல்எக்ஸ், இஎக்ஸ், இஎக்ஸ்-எல், டூரிங் என்று உண்டு. ஒரு படி கீழே பதிந்திருந்தால் அங்கேயே ஆயிரத்துக்கும் மேல் போகும். எத்தனையோ கோப்புகளில் இதைக் கண்டிருக்கிறேன். அடுத்து மைல் எண், அதற்கடுத்து கூடுதல் வசதிகள், கடைசியாக உங்கள் காரின் நிலை பற்றிய மதிப்பெண். இருக்கை, பெயின்ட், டயர் என்று தனித்தனியே போட்டிருப்பார்கள்.

ஃப்ரீமாண்ட் குமரன்:

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது! என் வண்டி இஎக்ஸ்-எல். தோல் இருக்கை, தானாகத் திறக்கும் பின்கதவு எல்லாம் உண்டு. அறிக்கையில் இஎக்ஸ் என்று போட்டிருக்கிறார்கள். ஒப்பிட்ட மூன்று கார்களும் இஎக்ஸ். டயர்கள் விபத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் மாற்றப்பட்டவை, ரசீது இருக்கிறது. அறிக்கையில் டயர்கள் "சராசரி".

பெரியசாமி (முன்னாள் அட்ஜஸ்டர்):

அப்படியானால் உங்கள் வழக்கு வலுவானது. வாங்கியபோது டீலர் தந்த விலைப் பட்டியலின் நகலையோ, விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணை வைத்து டீலரிடம் பெறும் தொழிற்சாலை விவரத்தையோ இணையுங்கள். டயருக்குச் செலவழித்த முழுத் தொகையும் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதற்கு ஓரளவுதான் சேர்ப்பார்கள். ஆயில் மாற்றிய ரசீதுகளை அனுப்பிப் பயனில்லை. பராமரிப்பு என்பது எல்லாரும் செய்ய வேண்டியது என்றுதான் கணக்கிடுவார்கள்.

ஒன்று மட்டும் நிறுவனத்தின் சார்பில் சொல்ல வேண்டும். விளம்பர விலையும் விற்ற விலையும் ஒன்றல்ல. டீலர் 22,000 என்று ஒட்டி வைத்த காரை பேரம் பேசி 21,200க்கு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சந்தை மதிப்பு என்பது வாங்கிய விலைதான்.

குயின்ஸ் ரவி:

பெரியசாமி ஐயா, அந்த வாதத்தைத்தான் நீதிமன்றத்தில் பலர் எதிர்த்திருக்கிறார்கள். அந்த வழக்குகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

மிட்செல் அறிக்கைகளில் "புரொஜெக்டட் சோல்டு அட்ஜஸ்ட்மென்ட்" என்று ஒரு வரி வரும். பேரம் பேசினால் விலை இவ்வளவு குறையும் என்று அனுமானித்து ஒப்பீட்டுக் காரின் விளம்பர விலையில் ஒரு பங்கை வெட்டுவது அது. இணையத்தில் எல்லா டீலர்களின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிற இந்தக் காலத்தில், டீலர்கள் முதலிலேயே போட்டி விலையைத்தான் போடுகிறார்கள், பேரம் என்பது அருகிவிட்டது என்பது கார் உரிமையாளர்களின் வாதம். விளம்பர விலைக்கே விற்ற கார்களைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டுத்தான் அந்தச் சராசரியை எடுத்தார்கள் என்பது அவர்களுடைய கடுமையான குற்றச்சாட்டு. அது உண்மையானால் அந்தச் சராசரிக்கு என்ன மரியாதை இருக்கிறது?

இந்த வரியை வைத்து நியூயார்க் பாலிசிதாரர்கள் புரொகிரசிவ் நிறுவனத்தின் மீது கூட்டு வழக்கு போட்டார்கள். 2025இல் 48 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

சான் ஹோசே மீனாட்சி:

ரவி, 48 மில்லியன் என்று கேட்கப் பெரிதாக இருக்கிறது. வழக்கறிஞர் கட்டணம் கழித்து, பல ஆண்டுகளில் கார் இழந்த பல்லாயிரம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சில நூறு டாலர்தான் மிஞ்சும். குமரன் ஒரு டிரிம் பிழையைத் திருத்தினாலே அதைவிட அதிகம் கிடைக்கும்.

குயின்ஸ் ரவி:

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனாலும் அந்த வழக்குகள் தேவை. குறைவாகத் தரப்பட்ட பணம் ஆளுக்கு ஆயிரம் டாலர் என்றால் எந்த வழக்கறிஞரும் தனியாக எடுத்து நடத்த மாட்டார். எல்லாருடைய ஆயிரத்தையும் ஒன்றாகக் கட்டினால்தான் நிறுவனம் திரும்பிப் பார்க்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த வழி இப்போது குறுகி வருகிறது. அதே வகை வழக்குகளில், பென்சில்வேனியா பாலிசிதாரர்களைக் கூட்டாகச் சேர்த்த உத்தரவை பிலடெல்பியாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025இல் ரத்து செய்தது. இந்தியானா வழக்கில் சிகாகோவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே செய்தது. காரணம், சூத்திரம் தவறாகவே இருந்தாலும் இறுதியில் ஒருவருக்குக் கிடைத்த தொகை அவருடைய காரின் உண்மை மதிப்புக்குச் சமமாக இருக்கலாம், அதை ஒவ்வொரு காராகத்தான் பார்க்க வேண்டும் என்பது. குமரன் சொல்லும் "கண்டிஷன்" கழிவை எதிர்த்து வாஷிங்டன் மாநிலத்தில் தொடுத்த வழக்கிலும் 2022இல் மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் இதையே சொல்லிக் கூட்டு வழக்கை அனுமதிக்கவில்லை. உங்கள் கலிஃபோர்னியாவும் அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது.

சான் ஹோசே மீனாட்சி:

ஆம், அதனால்தான் தனி ஆளாக நின்று கேளுங்கள் என்கிறேன். அந்தக் கழிவுக்கு எதிராக கலிஃபோர்னியா விதி தெளிவாகவே இருக்கிறது. ஒப்பீட்டுக் காரின் விலையில் செய்யும் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், தனித்தனியே டாலரில் காட்டப்பட வேண்டும், ஆவணத்தோடு கோப்பில் இருக்க வேண்டும். ஆதாரம் காட்ட முடியாத கழிவைப் பயன்படுத்தவே கூடாது. நம் காரின் நிலைக்காகக் கழிக்க வேண்டுமானால், அந்த ஆண்டின் அந்த மாடலுக்குரிய சராசரியை விட நம் கார் மோசமாக இருந்தது என்று ஆவணம் காட்ட வேண்டும். எங்கோ நிற்கும், யாரும் தொட்டுப் பார்க்காத மூன்று வண்டிகளிலும் 890 என்ற ஒரே எண்! இதை எப்படி அளந்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள் குமரன். அவர்களால் பதில் சொல்ல முடியாது.

ஒப்பீட்டுக் கார்கள் உங்கள் வட்டாரச் சந்தையில், இறுதித் தொகை சொல்வதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் விற்பனைக்கு இருந்தவையாக இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. அவர்கள் காட்டிய மூன்றும் எந்த ஊரில் இருக்கின்றன என்று பார்த்தீர்களா?

ஃப்ரீமாண்ட் குமரன்:

ஒன்று ஃப்ரெஸ்னோ, ஒன்று சாக்ரமெண்டோ, ஒன்றுதான் ஹேவர்டு. ஃப்ரெஸ்னோ எங்கள் வட்டாரமா? இரண்டரை மணி நேரப் பயணம்!

புது வரவு:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் கோவையிலிருந்து அண்மையில்தான் டெக்சஸ் வந்தேன். ஊரில் பாலிசியிலேயே ஐ.டி.வி. என்று காரின் மதிப்பை அச்சிட்டுத் தந்துவிடுவார்கள். பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். இங்கே பாலிசியில் அப்படி எந்த எண்ணும் இல்லையே?

பெரியசாமி (முன்னாள் அட்ஜஸ்டர்):

இல்லை. இங்கே சாதாரண பாலிசியில் விபத்து நடந்த நேரத்தில் சந்தையில் கார் என்ன விலை போகுமோ அதுதான் மதிப்பு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு பழங்காலச் சேகரிப்புக் கார்களுக்கான பாலிசிகளில்தான் வழக்கம். ஊரில் எண் அச்சிட்டிருப்பதால் தகராறு குறைவு. ஆனால் நான்கு ஆண்டைத் தாண்டிய காருக்கு தேய்மானம் 50 சதவீதம் என்பதுபோல் அட்டவணை போட்டு அந்த எண் வந்திருக்கும். இங்கே எண் இல்லாததால் தகராறு செய்ய இடமுண்டு.

எப்போது டோட்டல் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. உங்கள் டெக்சஸில் பழுதுச் செலவு காரின் மதிப்பில் 100 சதவீதம், புளோரிடாவில் 80, நியூயார்க்கில் 75. கலிஃபோர்னியாவில் சதவீதம் இல்லை. பழுதுச் செலவோடு உடைந்த வண்டியின் விலையைக் கூட்டி, அது கார் மதிப்பைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள்.

டாலஸ் தமிழ்ச்செல்வி:

புது வரவு நண்பருக்கும் குமரனுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் "அப்ரைசல்" என்ற பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். தொகையில் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தலாம், அவர்களும் ஒருவரை அமர்த்துவார்கள். இருவரும் ஒத்துவராவிட்டால் ஒரு நடுவரைத் தேர்வார்கள். மூவரில் இருவர் ஒப்புக்கொண்ட தொகை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அவரவர் மதிப்பீட்டாளருக்கு அவரவர் கட்டணம், நடுவர் செலவு பாதிப் பாதி.

என் டொயோட்டா ஹைலேண்டருக்கு நான் இதைத்தான் செய்தேன். மதிப்பீட்டாளருக்குச் சில நூறு டாலர் கொடுத்தேன். தொகை 3,000 டாலருக்கும் மேல் உயர்ந்தது. நடுவர் வரை போகவே இல்லை. ஆனால் வித்தியாசம் ஆயிரத்துக்குள் என்றால் இந்தச் செலவு கட்டாது. சில நிறுவனங்கள் இந்தப் பகுதியையே பாலிசியிலிருந்து நீக்கிவிட்டன. இனி பாலிசி புதுப்பிக்கும்போது இது இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

சான் ஹோசே மீனாட்சி:

நல்ல தகவல் தமிழ்ச்செல்வி. அது சொந்த பாலிசியில் கிளெய்ம் செய்பவருக்கு மட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோதியவரின் இன்சூரன்ஸிடம் போனால் அவர்களோடு நமக்கு ஒப்பந்தமே இல்லை. அங்கே சரிப்படாவிட்டால் மோதிய ஓட்டுநர் மீதுதான் வழக்கு. கலிஃபோர்னியாவின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் 12,500 டாலர் வரை கேட்கலாம், தாக்கல் கட்டணம் தொகைக்கேற்ப 30 முதல் 75 டாலர். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட இரு தரப்பாலும் முடியாது. நமக்கு அது நல்லதே.

ஃப்ரீமாண்ட் குமரன்:

எல்லாம் புரிகிறது. ஆனால் வாடகைக் கார்? அதை நிறுத்தினால் மனைவி வேலைக்குப் போக முடியாது. கார் நிற்கும் யார்டிலும் நாள்தோறும் கட்டணம் ஏறும் என்று பயமுறுத்துகிறார்கள். இந்த நெருக்கடியில்தான் பலர் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது.

பெரியசாமி (முன்னாள் அட்ஜஸ்டர்):

சரியாகப் பிடித்தீர்கள். குறைந்த தொகையை மக்கள் ஏற்றுக்கொள்வதற்கு மென்பொருளை விடப் பெரிய காரணம் இந்த வாடகைக் கார்தான். தொகை சொன்ன சில நாட்களில் வாடகை நிற்கும் என்று பெரும்பாலான பாலிசிகளில் இருக்கும். தகராறு முடியும்வரை நீட்டிக்க அவர்களுக்குக் கட்டாயம் இல்லை. கேட்டுப் பாருங்கள், பிழை அவர்களுடைய அறிக்கையில் இருப்பதால் சில நாள் கொடுப்பார்கள்.

யார்டுக்கு வழி எளிது. காரை அவர்களுடைய இடத்துக்கு எடுத்துச்செல்ல மின்னஞ்சலில் அனுமதி கொடுங்கள். அதற்கு முன் காரை உள்ளும் புறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டயர், இருக்கை, மைல் காட்டும் திரை உட்பட. காரை எடுத்துச்செல்ல விடுவது தொகையை ஒப்புக்கொண்டதாகாது. அதையும் அந்த மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள்.

சான் ஹோசே மீனாட்சி:

தகராறு இல்லாத பகுதியை முதலில் கொடுங்கள் என்றும் கேளுங்கள். 19,840 வரை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள் அல்லவா? கிளெய்மை ஏற்றபின் தகராறற்ற தொகையை 30 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. மீதிக்குத் தொடர்ந்து வாதாடலாம். "முழுத் தீர்வு" என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்து போடாதீர்கள்.

பணம் வாங்கிய பிறகும் ஒரு வழி உண்டு. அந்தத் தொகைக்கு அதே போன்ற கார் கிடைக்கவில்லை என்று 35 நாட்களுக்குள் தெரிவித்தால் கோப்பை மீண்டும் திறக்க வேண்டும். அவர்கள் ஒரு காரைத் தேடித் தரலாம், வித்தியாசத்தைத் தரலாம், அல்லது அப்ரைசலுக்குப் போகலாம். இதை எழுத்தில் நம்மிடம் தெரிவிப்பதும் அவர்கள் பொறுப்பு. உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், பாருங்கள்.

இவ்வளவுக்கும் பதில் வராவிட்டால் மாநில இன்சூரன்ஸ் துறையில் இணையவழிப் புகார். கட்டணம் இல்லை.

புது வரவு:

கடன் பாக்கி இருந்தால்?

டாலஸ் தமிழ்ச்செல்வி:

காசோலை முதலில் கடன் கொடுத்த வங்கிக்குப் போகும், மிச்சம் உங்களுக்கு. கடன் காரின் மதிப்பைவிட அதிகம் என்றால் "கேப்" காப்பீடு இருந்தால் அது அந்த இடைவெளியை அடைக்கும். இல்லாவிட்டால் இல்லாத காருக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இங்கே புதிதாக வந்து குறைந்த முன்பணத்தில் கார் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. கேப் எடுக்கும்போது டீலரிடம் மட்டும் விலை கேட்காதீர்கள். உங்கள் கார் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் கேளுங்கள், பெரும்பாலும் அங்கே மலிவு.

ஃப்ரீமாண்ட் குமரன்:

நண்பர்களே, செய்தி சொல்ல வந்தேன். நீங்கள் சொன்னபடி ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்பினேன்: இஎக்ஸ்-எல் என்பதற்கு டீலரின் விலைப் பட்டியல், டயர் ரசீது, எங்கள் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் விற்பனைக்கு இருக்கும் நான்கு இஎக்ஸ்-எல் கார்களின் விளம்பரப் பக்கங்கள், விஐஎன் எண்ணோடு. 890 டாலர் எப்படி அளக்கப்பட்டது என்ற கேள்வி, 2695.8 பிரிவின் எண், வரி.

அட்ஜஸ்டரின் மேலாளர் தொலைபேசியில் அழைத்தார். எழுத்தில் தாருங்கள் என்று பணிவாகச் சொன்னேன். புதிய அறிக்கை வந்தது. ஃப்ரெஸ்னோ கார் போய்விட்டது. மூன்றும் இஎக்ஸ்-எல். மதிப்பு 22,310 டாலர், அதன்மேல் விற்பனை வரி, உரிமை மாற்றக் கட்டணம், லைசென்ஸ் கட்டண மீதி. வாடகைக் காருக்கும் கொஞ்சம் கூடுதல் நாள் கொடுத்தார்கள். கண்டிஷன் கழிவு மட்டும் 310 டாலர் என்று இன்னும் நிற்கிறது. என் கேள்விக்கு விளக்கமே இல்லை.

சான் ஹோசே மீனாட்சி:

மிகுந்த மகிழ்ச்சி குமரன்! அந்த 310ஐயும் விடாதீர்கள். அப்ரைசலுக்கு அது கட்டாது, உண்மைதான். ஆனால் துறைக்கு ஒரு புகார் எழுத அரை மணி நேரம் போதும். அடுத்து வருபவருக்கு அந்தப் புகார் உதவும்.

குயின்ஸ் ரவி:

வாழ்த்துகள். இரண்டு அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருங்கள். பின்னாளில் உங்கள் நிறுவனத்தின் மீது கூட்டு வழக்கு வந்து அறிவிப்புக் கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். அதில் விலகுவதற்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். அதற்குள் விலகாவிட்டால், உடன்பாடு தரும் தொகையோடு அந்த விஷயத்தில் தனியாக வழக்கு போடும் உரிமை முடிந்துவிடும்.

ஃப்ரீமாண்ட் குமரன்:

புகார் இன்றிரவு எழுதுகிறேன். மதிப்புத் தொகையை "310 டாலர் தகராறு நீங்கலாக" என்று எழுதி ஏற்றுக்கொண்டேன். காரின் உரிமையை மாற்றும் டைட்டில் தாள்கள் வந்திருக்கின்றன. கையெழுத்து போடும் முன் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா ஐயா?

பெரியசாமி (முன்னாள் அட்ஜஸ்டர்):

உண்டு. சுங்கக் கட்டணம் செலுத்தும் ஃபாஸ்டிராக் கருவியைக் கழற்றி எடுங்கள், அந்தக் கணக்கிலிருந்து வண்டி எண்ணை நீக்குங்கள். கைப்பேசியோடு இணைத்த தொடர்பு எண்களும் கராஜ் கதவின் குறியீடும் காரின் நினைவகத்தில் இருக்கும், அழித்துவிடுங்கள். கார் கைமாறிய ஐந்து நாட்களுக்குள் மாநில வாகனத் துறையான டிஎம்வி-யின் தளத்தில் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைத் தாக்கல் செய்யுங்கள். 500 டாலர் டிடக்டிபிளை மோதியவரின் நிறுவனத்திடமிருந்து வசூலித்துத் தருவது உங்கள் நிறுவனத்தின் வேலை. அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாதங்கள் ஆகும், விட்டுவிடாமல் கேளுங்கள்.